குதிகால் அளவு

கிளீட்டின் பெட்ரோல் பங்க் கண்ணாடியில் அந்தக் காகிதம் ஒட்டி மூன்று நாளாகிவிட்டது. ஓரின் டாகெட் பஸ் ஷெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனான்.

"விற்பனைக்கு. 650 சிசி. தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும். பதினெட்டு வருஷம் ஒரே கை. பெரிய டேங்க். கதவு மூடத் தெரிந்தவர்கள் மட்டும் வரவும். - நெகானே."

அவன் மனைவியின் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நிற்கும், அவளைப் போலவே.

"கடைசி வரியப் படிச்சியா?" என்றான் கிளீட், கல்லாவுக்குப் பின்னாலிருந்து. "ரெண்டு பேரு போன் பண்ணி, எந்தக் கதவு, வீட்டுக் கதவான்னு கேட்டானுங்க. போனை வச்சுட்டேன்."

"நல்ல காரியம்."

"மூணாவதா ஒருத்தன் கேக்கல. பிரென்ட்னு பேரு, பாய்சி டவுன்காரன். சனிக்கிழமை வரானாம்."

ஓரின் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குடிக்கவில்லை.

ஊரிலிருந்து தெற்கே, நெகானேயின் தம்பி எனெக்கோ கோடைக்காலத்தில் ஆடு மேய்க்கும் முகாமுக்கு எண்பத்திரண்டு மைல். வழியில் பதினொரு முள்கம்பிக் கதவுகள், ஓரத்துக் கம்பத்தை இழுத்துக் கம்பி வளையத்தில் மாட்டி மூடுகிற வகை. மூடியிருந்ததை மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தபடி விட வேண்டும். ஓவைஹீ பாலையில் மற்ற சட்டமெல்லாம் இதற்கு அப்புறம்தான். பிக்கப்பில் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இறங்கித் திறப்பார். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறவளுக்கு அந்த வசதி கிடையாது. நிறுத்த வேண்டும், ஸ்டாண்ட் போட வேண்டும், இறங்கித் திறக்க வேண்டும், ஏறி உள்ளே போக வேண்டும். மறுபடி நிறுத்தி, இறங்கி, மூடி, ஏற வேண்டும். நெகானே பதினெட்டு வருஷமாக ஜூன் பிறந்ததும் இதைச் செய்தாள். தம்பிக்குச் சொரீசோ தொத்திறைச்சியும் ஆறு மாதத்துச் செய்தித்தாளும் கொண்டுபோவாள். முகாமில் ஒரு ராத்திரி தங்கி, ஆட்டுக்கறியும் பீன்ஸும் தின்று, தம்பியோடு சண்டை போட்டுவிட்டு வருவாள்.

அந்தப் பாதையில் வண்டியைக் கீழே போட்டிருக்கிறாள், தூக்கியிருக்கிறாள். சேற்றில் புதைந்தாள், ஆற்றில் நனைந்தாள். ஒரு சிராய்ப்புக்கு மேல் பட்டதில்லை. கடைசியில் பிப்ரவரி மாதம் தபாலாபீஸ் படியில் பனிக்கட்டி சறுக்கி வலது இடுப்பு உடைந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு கடுதாசி.

இடுப்பை மாற்றிய டாக்டர், "வண்டி தாராளமா ஓட்டலாம். ஆனா விழக்கூடாது" என்றார்.

"விழாம ஓட்டுற இடத்துக்கு நான் போறதில்லையே டாக்டர்" என்றாள் நெகானே.

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு காலை அவள் கராஜுக்குப் போனாள். ஓரின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தான். வண்டியின் இடப்பக்கம் நின்று வலது காலைத் தூக்கினாள். சீட்டின் விளிம்பு வரை போன கால் அங்கேயே நின்றது. இறக்கினாள். மறுபடி தூக்கினாள். நான்காவது தடவைக்குப் பிறகு சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், நோய்ப்பட்ட குதிரையின் முதுகில் கை வைத்து நிற்பதைப் போல. உள்ளே வந்தவள் காகிதமும் பேனாவும் கேட்டாள்.

"பிக்கப்புல ரெண்டு பேருமா போலாமே" என்றான் ஓரின்.

"எனெக்கோவப் பாக்கணும்னா பிக்கப்புல போலாம்" என்றாள்.

இப்போது கிளீட்டின் கல்லா முன்னால் நின்றபடி ஓரின் கேட்டான்: "வண்டியத் தாழ்த்துறதுக்கு ஒரு தகடு இருக்குன்னு சொல்வியே, அது கிடைக்குமா?"

கிளீட் அவனை மேலும் கீழும் பார்த்தான். "அவ வண்டியில நீ கை வைக்கப் போறியா?"

"கிடைக்குமான்னுதான் கேட்டேன்."

"நாளைக்கே வரவழைக்கலாம். உனக்குக் கருமாதி வைக்க ஆளையும் சேத்து வரச் சொல்லட்டா?"

கிளீட் சொன்னதில் நியாயம் இருந்தது. ஓரின் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தவன். அதே பஸ்களை ஓட்டியவள் நெகானே. பிரேக் கீச்சுகிறது, கியர் இழுக்கிறது என்று தினம் அவன் உயிரை எடுத்துத்தான் கல்யாணம் வரை வந்தது. பஸ் அவனுடையது, மோட்டார் சைக்கிள் அவளுடையது என்று சொல்லாமலே ஒரு ஒப்பந்தம். பெரிய டேங்க் போட்டது, எஞ்சினுக்கு அடியில் கல் படாமல் தகடு மாட்டியது, குளிர்காலத்துக்குக் கைப்பிடியில் சூடேற்றி வைத்தது, எல்லாம் அவள் கை. எப்போது எதைச் செய்தாள் என்பதைக் கராஜ் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பாள். "வால்வு பார்த்தேன். சரி." "செயின் புதுசு. பழசை எனெக்கோவின் நாய் நக்கிவிட்டது, சாகவில்லை." பதினெட்டு வருஷச் சுவரில் ஓரினின் பேர் ஒரு இடத்தில்தான் இருந்தது: "ஓரின் என் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துப் போயிருக்கிறான்."

செவ்வாய்க்கிழமை நெகானே இடுப்புப் பயிற்சிக்காக நாம்பா என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள், வெள்ளி சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு. அவள் கார் முக்குத் திரும்பியதும் ஓரின் கராஜைத் திறந்தான்.

எஞ்சினுக்கு அடியில் மரப்பெட்டி கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினான். பின்சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரையும் இணைக்கிற இரண்டு தகடுகளைக் கழற்றி, கிளீட் கொடுத்த நீளத் தகடுகளை மாட்டினான். வண்டியின் பின்பக்கம் இரண்டு அங்குலம் உட்கார்ந்தது. முன்பக்கம் ஃபோர்க் குழாய்களைத் தளர்த்தி அதே அளவு மேலே தள்ளி, அந்தப் பக்கத்தையும் தாழ்த்தினான். சீட்டின் உறையை உரித்து, ரொட்டி அறுக்கும் கத்தியால் பஞ்சை ஒரு அங்குலம் சீவினான். பின்னால் இருந்த பெரிய பெட்டியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் தோல் பைகள் தொங்கவிட்டான், காலை வீசிப் போட வழி வேண்டுமே என்று. செயினைப் பார்த்தான். பின்டயர் அமுங்கினால் மட்கார்டில் இடிக்குமா என்று பார்த்தான். ஹெட்லைட் வானத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கும்படி திருப்பினான். ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தான். பழைய தகடுகளைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினான், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திருப்பிப் போட.

சுவரில் எழுதலாமா என்று பென்சிலை எடுத்தான். தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவள் வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் வாசலிலேயே நின்றுவிட்டாள். மரப்பெட்டிமேல் உயர்ந்து நின்ற வண்டியில் வேறு யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

"யாரு தொட்டா?"

"நான்தான்."

"யாரக் கேட்டு?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா."

"அதான் கேக்கல."

நெகானே குனிந்து தகடுகளைப் பார்த்தாள், ஃபோர்க்கைப் பார்த்தாள், சீட்டை அமுக்கினாள். ஒரு போல்ட்டைத் தடவினாள். "பஸ்காரன் முறுக்கின மாதிரிதான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது திட்டா பாராட்டா என்று ஓரினுக்கு விளங்கவில்லை. ஏறிப் பார் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை பிரென்ட் கிளீட்டின் பங்க்கில் காத்திருப்பதாகப் போன் வந்தது. "நானே ஓட்டிட்டுப் போய்க் காட்டுறேன். கடைசியா" என்றாள் நெகானே. இருவருமாக வண்டியைப் பெட்டியிலிருந்து இறக்கினார்கள். ஓரின் பிடித்துக்கொண்டான். அவள் வலது காலைத் தூக்கினாள். கால் சீட்டின் விளிம்புக்குப் போனது, ஒரு கணம் நின்றது, தாண்டியது.

இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. நெகானே கீழே குனிந்து தன் பூட்ஸையே பார்த்தாள். பதினெட்டு வருஷமாக ஒரு பக்கம் சரிந்து நுனிக்கால் ஊன்றியவள். எஞ்சினைக் கிளப்பிப் போய்விட்டாள். பங்க் இரண்டு தெரு தள்ளி. ஆனால் அவள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்வதற்குள் ஓரின் நடந்தே போய்ச் சேர்ந்துவிட்டான்.

பிரென்ட் ஆறடிக்குமேல் உயரம். தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றான். நெகானே வண்டியை நிறுத்தினாள், எப்போதும்போல ஸ்டாண்டை உதைத்துத் தள்ளினாள், எப்போதும்போலத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஆறு எட்டு வைத்திருப்பாள். பாலைக் காற்று லேசாக ஒரு வீச்சு வீசியது. வண்டி நிதானமாக, அவசரமே இல்லாமல், வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

சத்தம் அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

ஓரின் நீட்டிக்கொண்டிருந்த ஸ்டாண்டைப் பார்த்தான். வண்டி தாழ்ந்தால் ஸ்டாண்ட் நீளமாகிவிடும் அல்லவா? இடப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நட்டுவைத்த கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றிருக்கிறது. ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும். நான்கு நாளும் மரப்பெட்டிமேலேயே வண்டி இருந்ததால் அந்த நினைப்பே வரவில்லை.

"பதினெட்டு வருஷத்துல இப்பத்தான் அது உன்னோட கோவிச்சுக்கிட்டிருக்கு, நெகானே" என்றான் கிளீட்.

"ஸ்டாண்ட மறந்துட்டேன்" என்றான் ஓரின்.

"பஸ்ஸுக்கு ஏது ஸ்டாண்டு" என்றான் கிளீட். "எனக்கு ஞாபகம் இருந்துச்சு. நீ கேக்கலையே."

பிரென்ட் ஓடிப்போய்த் தூக்கினான். தூக்கிப் பிடித்தபடி, "மேடம், இது அடிக்கடி இப்படி விழுமா?" என்று கேட்டான்.

நெகானே வண்டியைப் பார்த்தாள். பக்கக் கண்ணாடி ஒன்று திரும்பியிருந்தது, வேறு சேதமில்லை. ஓரினைப் பார்த்தாள். கிளீட்டின் கண்ணாடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"தம்பி, நீ தப்பா நினைக்காத. சொந்த ஸ்டாண்டுல நிக்கத் தெரியாத வண்டிய அடுத்தவன் தலையில கட்ட எனக்கு மனசு வரல."

"நான் வெட்டிச் சரி பண்ணிக்கிறேனே மேடம். பழைய தகடு இருந்தாக்கூட..."

"உனக்கு மனசு வருது. எனக்கு வரலைன்னேன்" என்றாள். காகிதத்தை அவளே கிழித்தாள். கிளீட் பிரென்டுக்குக் காசு வாங்காமல் ஒரு காபி கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஓரின் வெல்டிங் மெஷினை எடுக்கப் போனான். "வை அத" என்றாள் நெகானே. "இனிமே அந்த வண்டியத் தொடாத."

"ரெண்டு நிமிஷ வேலை."

"என்னக் கேக்காம செஞ்சே. நல்லதுதான் செஞ்சே. அதான் எனக்குக் கோவம். தொடாத." பிறகு, "நாளைக்குக் காலைல எனெக்கோகிட்டப் போறேன்" என்றாள்.

"அந்த ஸ்டாண்டோடயா? இருபது தடவ நிறுத்தணும். ஒரு தடவ வண்டி விழுந்து, நீ தூக்கப் போய்..." டாக்டர் சொன்னதை அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"நீ பிக்கப்புல பின்னால வா. ரெண்டு மணி நேரம் கழிச்சு. ஒரு நிமிஷம் முன்னால வந்தாலும் நான் வேற பாதையில போயிருவேன்."

"வேற பாதை இல்லையே."

"போட்டுக்குவேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவள் கிளம்பினாள். ஓரின் சமையலறையில் உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். ஊர் தாண்டினால் போன் எடுக்காது. ஒன்றேகால் மணி நேரம் தாங்கினான். அதற்குமேல் தாங்கவில்லை.

முதல் கதவில் இறங்கியதும் தரையைத்தான் பார்த்தான். வண்டி விழுந்த தடம் இல்லை. டயர்த் தடத்துக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் குழி இருந்தது, ஒரு கைப்பிடி மண் எடுத்த மாதிரி. கதவைக் கடந்து போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒன்று. ஓரின் குந்தி உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தான். குதிகாலால் தோண்டிய குழி. அதற்குள் ஸ்டாண்டின் பாதம் பதிந்த அச்சு. நீளமான ஸ்டாண்டுக்குத் தரையைத் தாழ்த்தியிருக்கிறாள்.

இரண்டாவது கதவில் இரண்டு குழிகள். மூன்றாவதில் இரண்டு. நான்காவது கதவருகில் மண் ஈரமாக இருந்ததால் தடம் தெளிவாக விழுந்திருந்தது. அப்போதுதான் ஓரினுக்கு உறைத்தது. குழிக்குப் பக்கத்தில் இறங்கி நின்று தோண்டிய தடமே இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே, வலது காலை அழுத்தமாக ஊன்றிக்கொண்டு, இடது குதிகாலால் தோண்டியிருக்கிறாள். ஒரு மாதம் முன்னால் அவளால் அது முடிந்திருக்காது. போன வருஷம், இடுப்பு உடையாதபோதே முடிந்திருக்காது. கதவுக் கம்பத்தைத் தோளால் அணைத்துக் கம்பி வளையத்தை மாட்டும்போது ஓரின் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

ஆறாவது கதவு திறந்து கிடந்தது. அவள் நிற்காமல் போயிருந்தாள். அவனும் அப்படியே போனான்.

ஏழாவது கதவுக்கு அப்பால் வறண்ட ஓடை. உருண்டைக் கற்கள். அங்கே அவன் பிரேக்கை மிதித்த வேகத்தில் பிக்கப் குறுக்காக நின்றது.

மணலில் வண்டி வலப்பக்கம் விழுந்து கிடந்த அச்சு அப்படியே இருந்தது. ஹேண்டில் பாரின் முனை உழுத கோடு. பெட்ரோல் சிந்தி உலர்ந்த கறை. ஓரின் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினான். ரத்தம் தேடினான். இல்லை. உடம்பு விழுந்த தடம் தேடினான். அதுவும் இல்லை. பக்கத்தில் சதுரமாக இரண்டு அச்சுகள்: பைகளைக் கழற்றி வைத்திருக்கிறாள், கனம் குறைய. தட்டைக் கல் ஒன்றின்மேல் காபி ஃபிளாஸ்க் மூடியின் வட்டக் கறை. வண்டி விழுந்து கிடக்கும்போது உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள். ஓரினுக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு மற்றதைப் பார்த்தான். தூக்கினால் ஸ்டாண்ட் எங்கே இறங்கும் என்று கணக்குப் போட்டு அந்த இடத்தில் முன்கூட்டியே குழி. மற்றவற்றைவிட ஆழம். வண்டிக்கு முதுகைக் கொடுத்துச் சீட்டில் இடுப்பை வைத்து, பின்னோக்கிப் பின்னோக்கிச் சின்ன எட்டுகள். குதிகால் பக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்த ஆறு எட்டுகள். ஏழாவது எட்டு சாதாரணமாக இருந்தது. அங்கே வண்டி நிமிர்ந்திருக்கிறது.

ஓரின் அந்தக் கல்லின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். எழுந்து, திறந்து கிடந்த பிக்கப் கதவைச் சாத்திவிட்டு ஓட்டினான். எட்டு, ஒன்பது, பத்து. கதவுக்கு இரண்டு குழி. ஒன்றுகூடத் தவறவில்லை.

பதினோராவது கதவு திறந்திருந்தது. கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கம்பியை இழுத்துப் பிடித்தபடி நெகானே நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வண்டி, குழியில் ஸ்டாண்ட் இறக்கி, அழகாக இடப்பக்கம் சாய்ந்து. அதற்கும் பின்னால் தூரத்தில் எனெக்கோ தங்கும் கூண்டு வண்டியின் அடுப்புப் புகை.

ஓரின் உள்ளே வந்து நிறுத்தினான்.

"ரெண்டு மணி நேரம்னு சொன்னேன்."

"ஒண்ணேகால் தாங்குச்சு."

"நான் ஒரு மணி நேரம்னு நினைச்சேன். பரவால்ல." முகத்தில் தூசு அப்பியிருந்தது, கண்ணைச் சுற்றி மட்டும் இல்லை.

"ஓடையில விழுந்தியா?"

"வண்டி விழுந்துச்சு. நான் இறங்கி நின்னுட்டேன்." கம்பத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கால் எட்டுச்சு, ஓரின்."

அவன் தலையை ஆட்டினான்.

"வெல்டிங் மெஷின் இருக்கா?"

"எதுக்குக் கொண்டாரப் போறேன்? தொடக்கூடாதுன்னியே."

"இருக்கான்னுதான் கேட்டேன்."

ஓரின் இறங்கிப் போய்ப் பிக்கப்பின் பின்னால் இருந்த தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினான். ஜெனரேட்டரோடு மெஷின், இரும்பு வெட்டும் கருவி, முகமூடி. இரண்டு முகமூடி.

நெகானே அதைப் பார்த்து வாயை இறுக்கிக்கொண்டாள். சிரிப்பை அடக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள். "நீ வெட்டு. நான் பிடிச்சுக்கிறேன்."

"எவ்வளவு வெட்டணும்? டேப் எடுத்து அளந்து..."

"டேப்பு எதுக்கு? ஒண்ணேகால் அங்குலம். இருபத்தோரு குழி தோண்டியிருக்கேன். அளவு என் குதிகாலுக்குத் தெரியும்."

அவன் மெஷினை இறக்கப் போனான். "அதெல்லாம் முகாமுக்குப் போய்" என்றாள் நெகானே, கம்பத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு. கதவை மூட அவனை விட்டுவிட்டு, வண்டியருகே போய் வலது காலை ஒரே வீச்சில் அந்தப் பக்கம் போட்டாள். "மூடிட்டு வா. எனெக்கோவோட ஆடு வெளிய போயிரும்."